வெண்மையின் விலை

சேற்றில் விளையாடிவிட்டுப் பாடசாலைச் சட்டையோடு ஓடிவருகிறான் சிறுவன். தாயின் முகம் வாடுகிறது. அடுத்த கணம் சலவைத்தூள் தோன்றுகிறது, சட்டை வெளுக்கிறது, அவள் முகமும் மலர்கிறது. தந்தையோ தூய உடை தரித்து வேலைக்குப் புறப்படுகிறார். தொலைக்காட்சியில் நாம் கண்டு சலித்த இவ்விளம்பரம் தூளை மட்டும் விற்கவில்லை. அழுக்குப் பெண்ணின் குற்றம், வெண்மை அவளது கடமை என்னும் கருத்தையும் சேர்த்தே விற்கிறது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1933இல் புறொக்டர் அன் காம்பிள் என்னும் அமெரிக்கக் கம்பனி, தனது ஒக்சிடோல் சலவைத்தூளை விற்பதற்காக 'மா பெர்கின்ஸ்' என்ற வானொலித் தொடர்நாடகத்தை நடத்தியது. பகற்பொழுதில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண்களே அதன் இலக்கு. இத்தகைய நாடகங்களுக்குச் 'சவர்க்கார நாடகம்' என்ற பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

விளம்பரம் உள்ளதைத்தானே காட்டுகிறது என்பர் சிலர். உண்மைதான், உள்ளது என்ன? சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஊதியமற்ற பராமரிப்பு வேலையில் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 4 மணி 25 நிமிடம். ஆண் செலவிடுவது 1 மணி 23 நிமிடம். இந்த அநீதியை விளம்பரம் அநீதியாகவா காட்டுகிறது? இல்லை. உழைப்புக்கு அன்பு என்று பெயர் சூட்டுகிறது. களைப்பைப் புன்னகையால் மூடுகிறது. கூலி கேட்காத உழைப்புக்கு இதைவிட வலிய விலங்கு வேறெதுவும் இல்லை.

எதிர்ப்புக் குரல்கள் எழாமலில்லை. தீங்கு விளைக்கும் பால்நிலைச் சித்திரிப்புகளுக்கு 2019இல் பிரித்தானியாவின் விளம்பர விதிகள் தடை விதித்தன. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களாகத் தந்தையரைக் காட்டிய பாற்கட்டி விளம்பரமொன்று அவ்வாண்டே தடைபட்டது. பெண்ணைப் பிணிக்கும் கயிறு ஆணையும் மூடனாக்குகிறது என்பதற்கு இது சான்று.

2015இல் இந்தியாவில் ஏரியல் சலவைத்தூள், துணி துவைப்பது பெண்ணுக்கு மட்டுமே உரிய வேலையா என்று கேட்டது. கேள்வி நல்லதே; வரவேற்கிறோம். ஆனால் ஏரியலும் அதே புறொக்டர் அன் காம்பிளின் பண்டம் என்பதை மறவோம். அன்று அவளது கடமையை வைத்து விற்றவர்கள், இன்று அவளது விடுதலையை வைத்து விற்கிறார்கள். பெட்டியின்மேல் அச்சிட்டு வரும் சமத்துவத்துக்காக நாம் காத்திருப்பதா?

ஆசிரியர்களே, மாணவர்களே! கம்பனிகளைச் சாடுவது எளிது. மேடையேறிச் சமத்துவம் முழங்கும்போது நாம் அணிந்திருக்கும் வெண்சட்டையை நேற்றிரவு தோய்த்தவர் யார்? அக்கேள்விக்கு நாணாமல் விடையளிக்க முடியாதவரை, நமது முற்போக்கும் ஒரு விளம்பரமே. வகுப்பறையில் இவ்விளம்பரங்களைப் பாடமாக எடுத்து ஆராய்வோம். அதற்குமுன் நமது உடுப்பை நாமே தோய்ப்போம்.