ஆண்களின் மௌன விரதம்

மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் வெளிப்பார்வைக்கு யாதொரு குறையுமின்றி நடந்துவரும் குடும்பங்கள் சிலவற்றில், புருஷனும் மனைவியும் வருஷக்கணக்காக ஒரே சத்திரத்தில் தங்கிய இரண்டு வழிப்போக்கர்களைப் போலவே இருந்து வருகிறார்கள் என்பது இரகசியமல்ல. இந்நிலையில் ஆண்மகன் என்ன செய்கிறான் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

முன்காலத்தில் அவன் இரண்டாந்தாரம் கட்டிக்கொள்வான். இல்லாவிட்டால் தாசி வீட்டுக்குப் போவான். மனைவியின் கதியைக் கேட்பாரில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நெடுங்காலம் போராடிய பொட்டுக்கட்டு ஒழிப்பு 1947-ல் சட்டமாயிற்று. 1949-ல் சென்னை மாகாணம் இருதார மணத்தையும் தடுத்தது. கதவுகள் அடைபட்டன. புத்தி மாறியதா?

இன்று ஒருவன் ஆபீசே கதியென்று கிடக்கிறான், ஒருவன் குடிக்கிறான், ஒருவன் கைபேசியில் முகம் புதைக்கிறான், மற்றொருவன் ஜோசியனிடம் பரிகாரம் கேட்கிறான். பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தமும் உத்தமமென்று எழுதிக் கொடுத்துத் தட்சணை வாங்கினவன் அந்த ஜோசியன்தானே!

நிற்க, கோர்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 9-வது பிரிவு, விலகிப் போனவரைச் சேர்ந்து வாழும்படி உத்தரவிட இடங்கொடுக்கிறது. 1983-ல் ஆந்திர ஐக்கோர்ட் அது செல்லாதென்றது. 1984-ல் சுப்ரீம் கோர்ட் செல்லுமென்றது. செல்லட்டும். உத்தரவினால் ஒருத்தி வீட்டுக்கு வரலாம். அன்பு வருமா என்று கேட்கின்றோம்.

2014-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், போதிய காரணமின்றி நெடுநாள் உறவை மறுப்பது மனக்கொடுமை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஆணுக்கும் மனத்துயர் உண்டாதலால் இது நியாயமே. ஆனால் பிள்ளைப்பேறும், மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதையும், ஓயாத வேலையும், மனச்சோர்வும் போதிய காரணங்களல்லவா? அன்றியும், குறை பெண்ணிடத்தில்தான் என்று யார் சொன்னது? நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஆணின் சக்தியைக் குறைக்கும் என்பது வைத்தியர்கள் அறிந்த சங்கதி. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, மனைவி மேல் பழிபோட்டு ஒதுங்கிக் கொள்வது எந்த ஊர் ஆண்மை?

ஆகவே தோழர்களே! முதலில் மனைவியிடம் வாய்திறந்து கேளுங்கள். அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பின்பு வைத்தியரிடம் இருவருமாகப் போங்கள். ஒன்றும் பலிக்காவிட்டால், இருவர் சம்மதத்தின் பேரில் பிரிந்துகொள்ள 1976 முதல் சட்டம் இடந்தருகிறது. விவாகத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கும் வேண்டுமென்று 1929-லேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. யோக்கியமாய்ப் பிரிவதில் அவமானமில்லை. ஊருக்குப் பயந்து இரண்டு உயிர்கள் ஒரு கூரையின் கீழ் வாடுவதே அவமானம் என்பது நமது அபிப்பிராயம்.