சட்டம் உண்டு, சாட்டை எங்கே?

'உங்கள் விவரங்கள் இனிப் பத்திரம்! சட்டம் வந்துவிட்டது, விதிகள் வந்துவிட்டன' என்று டில்லி வட்டாரம் பூரித்துப் பேசுகிறது. 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதற்கப்பால் 18 மாதக் கெடு! ஆமை வேகம் என்று கேலி பேசுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. ஆமையாவது ஒரு நாள் போய்ச் சேரும். இந்தச் சட்டம் உழைப்பாளியின் வீடு வந்து சேருமா என்பதே நமது ஐயம்.

'விவரமாவது, பாதுகாப்பாவது! கூலிக்காரனிடம் திருட என்ன இருக்கிறது?' என்று கேட்கும் தோழர்களும் உண்டு. இருக்கிறது, தோழர்களே! பெயர், வயது, கைரேகை, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, வாக்குச்சாவடி எண் — இத்தனையும் சர்க்கார் கேட்டது, கொடுத்தோம். கொடுத்தது ஒரு காரியத்துக்கு. அது வேறொருவர் கைக்கு, வேறொரு காரியத்துக்குப் போனால்? அரிசிக்குக் கொடுத்த விவரம் அரசியலுக்குப் போனால்?

அந்தக் கேள்வி நமது புதுவையிலேயே எழுந்தது.

2021 மார்ச். சட்டமன்றத் தேர்தல் வாயிற்படியில் நின்ற நேரம். பாரதிய ஜனதா கட்சியின் பெயரால் வாக்காளர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. தொட்டால் வாட்ஸ்அப் குழு. குழுவோ வாக்குச்சாவடி வாரியாக! இன்ன எண்ணுக்குரியவர் இன்ன சாவடி வாக்காளர் என்பது எப்படித் தெரிந்தது? ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுவைத் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவர் நம் கழகத்தவர் அல்லர், செங்கொடித் தோழர். அதனாலென்ன? ஊருக்காகக் கேட்ட கேள்வியை உவந்து பாராட்டுகிறோம்.

தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, குற்றச்சாட்டு நம்பத்தகுந்ததாக இருக்கிறது என்றது. ஆதார் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. பாரதிய ஜனதா கட்சி மறுத்தது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்கள் என்றது. அந்த மறுப்பும் பதிவாகட்டும். நாம் தீர்ப்பு எழுத உட்காரவில்லை. ஆனால் ஏப்ரல் 6ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது, பெட்டி நிறைந்தது, ஆட்சி அமைந்தது. 'என் எண் எப்படிப் போனது?' என்ற வாக்காளனின் கேள்வி மட்டும் வாசலிலேயே நின்றது.

ஏன்? உயர் நீதிமன்றம் உண்டு, தேர்தல் ஆணையம் உண்டு, போலீஸ் உண்டு. ஆனால் தரவுத் திருட்டை ஆராய்ந்து, கோப்பைத் திறந்து, அபராதம் விதிக்கவென்றே அமைந்த தனி அதிகாரம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொல்லி மூன்றரை ஆண்டு கழிந்தும் இல்லை! உரிமை இருந்தது; அதைக் காக்கும் காவலாளி இல்லை.

காவலாளி இருக்கும் நாடுகளில் என்ன நடக்கிறது? பார்ப்போம்.

ஆஸ்திரியா நாட்டு அஞ்சல் நிறுவனம், இன்னார் இன்ன கட்சிப் பக்கம் சாயக்கூடும் என்று மக்களைக் கணக்கிட்டு வைத்தது. கடிதம் கொடுக்க வந்தவர் கட்சி கேட்டுக் குறித்துக்கொண்ட கதை! 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரம் 1 கோடியே 80 லட்சம் யூரோ அபராதம் போட்டது. மறு ஆண்டே நீதிமன்றம், முறை பிசகிற்று என்று அதை ரத்து செய்தது. ஆனாலும் கதை முடியவில்லை. தம்மைப் பிடிக்காத கட்சியோடு முடிச்சுப் போட்டதால் மனம் நொந்த குடிமகன் ஒருவர் நஷ்டஈடு கேட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை ஏறியது. 2023 மே 4ஆம் நாள் தீர்ப்பு: சட்டம் மீறப்பட்டது என்பது மட்டும் போதாது, பாதிப்பைக் காட்ட வேண்டும், ஆனால் பாதிப்பு சிறிது என்று சொல்லி ஏழையின் மனுவைத் தள்ளவும் கூடாது. மன நோவும் நஷ்டமே!

நமக்குப் பழக்கமான பிரான்சுக்கு வருவோம். குடிமக்களின் கோப்புகளையெல்லாம் ஒரே எண்ணால் கோக்க அந்த அரசு திட்டமிட்டது. 1974 மார்ச்சில் 'லெ மோந்து' ஏடு அதை அம்பலமாக்கியது, நாடு கொதித்தது. விளைவு, 1978 ஜனவரி 6ஆம் நாள் சட்டமும், 18 உறுப்பினர் கொண்ட தனி ஆணையமும். அதில் பார்லிமெண்ட் உறுப்பினர் உண்டு, உயர் நீதிமன்றங்களைச் சேர்ந்தோர் உண்டு. ஒரே எண் என்றதும் அங்கே சட்டம் பிறந்தது. இங்கே வரிசை பிறந்தது!

2018 மே 25 முதல் ஐரோப்பா முழுமைக்கும் ஒரே ஒழுங்குவிதி. மீறினால் 2 கோடி யூரோ, அல்லது உலக முழுதும் நடக்கும் வியாபாரத்தில் நூற்றுக்கு 4 — எது அதிகமோ அதுவரை அபராதம். 2019 ஜனவரியில் பிரெஞ்சு ஆணையம் கூகுள் மீது 5 கோடி யூரோ விதித்தது. மறு ஆண்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை உறுதி செய்தது. புகார் கொடுத்தது யார்? இரண்டு சங்கங்கள். அவற்றில் ஒன்றின் பின்னால் ஏறத்தாழ 10,000 பேர் ஒப்பமிட்டு நின்றார்கள். சங்கம் பேசலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

அரசை விட்டார்களா? 2020 மே மாதம் பாரிசு போலீஸ் வானில் டிரோன் பறக்கவிட்டு மக்களை நோட்டம் பார்த்தது. நிறுத்து என்றது நீதிமன்றம். 2021 ஜனவரியில் உள்துறை அமைச்சகத்தையே ஆணையம் பகிரங்கமாகக் கண்டித்தது. அரசுக்கு அபராதம் போட அதற்கு அதிகாரமில்லை. ஆனாலும் மந்திரி இருக்கும் கட்டடம் என்று தயங்கவில்லை.

ஐரோப்பா சொர்க்கபுரி என்று நாம் சொல்லவில்லை. பேஸ்புக் மீது ஆஸ்திரிய மாணவர் ஒருவர் 2013இல் கொடுத்த புகார் அயர்லாந்தில் ஊர்ந்து ஊர்ந்து, மெட்டா கம்பெனிக்கு 120 கோடி யூரோ அபராதமாக முடிய 2023 மே ஆயிற்று. பத்தாண்டு! ஆயினும் முடிந்தது.

டில்லிச் சட்டத்தைப் புரட்டுங்கள். அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. விதிப்பது யார்? மத்திய சர்க்கார் நியமிக்கும் வாரியம். பதவிக்காலம் இரண்டே ஆண்டு. மறு நியமனமும் அதே கையில். பணம் எங்கே போகும்? சர்க்கார் கஜானாவுக்கு. விவரம் பறிபோனவனுக்கு? நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. பழைய சட்டத்தில் அதற்கிருந்த பிரிவையும் நீக்க வழி செய்திருக்கிறார்கள். பொய்ப்புகார், அற்பப்புகார் என்று வாரியம் கருதினால் புகார் கொடுத்தவனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்! பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லித் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் சர்க்காருக்கு அதிகாரம். போதாக்குறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தார்கள். தனிநபர் விவரத்தைப் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்த உட்பிரிவிலிருந்த வாசகம் போய்விட்டது. குடிமகன் கண்ணாடிப் பெட்டியில். கோட்டை இரும்புத் திரைக்குள்!

புதுவையில் இந்த வேற்றுமை தெருவிலேயே தெரியும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் பெரியவரின் கோப்பு பிரான்சில் இருக்கிறது. அதைக் காக்கும் சட்டம் கடல் தாண்டி அவருக்கு நிழல் தருகிறது. பக்கத்து வீட்டு ஆலைத் தொழிலாளியின் கோப்பு இந்நாட்டில் இருக்கிறது. அவர் தலையில் வெயில். பெரியவர்மீது நமக்குப் பொறாமையில்லை. நிழல் எல்லோருக்கும் வேண்டும் என்கிறோம்.

அது தானாக வருமா? புதுவைத் தொழிலாளிக்கு விடை தெரியும். 1936 ஜூனில் பிரான்சில் வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கப்பலேறி இங்கு வரவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்மீது ஜூலை 30ஆம் நாள் குண்டுதான் வந்தது. 12 பேர் மாண்டனர். அதன் பிறகே எட்டு மணி நேரம் கிடைத்தது. ஏட்டிலுள்ள உரிமையை வீட்டுக்குக் கொண்டுவந்தது சங்கம்!

ஆகவே கேட்கிறோம்: வாரியத்தின் நியமனம் மத்திய மந்திரிகளின் கையைவிட்டு வெளியே வரட்டும். பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு வரட்டும். தொழிற்சங்கமும் மக்கள் சங்கமும் புகார் கொடுக்கும் உரிமை வரட்டும். சர்க்காரும் சட்டத்துக்குள் வரட்டும்.

கட்சிகளும் வரட்டும் — நம் கழகமும் உட்பட! வாக்குக் கேட்டு வாசலில் நிற்கும் தோழர், எண்ணைக் குறிக்குமுன் எதற்கென்று சொல்லட்டும். 'வேண்டாம்' என்றால் குறிக்காமல் வணக்கம் சொல்லி வரட்டும். வாக்கு நாம் கேட்டுப் பெறுவது. விவரமும் அப்படியே இருக்கட்டும். இந்த ஒழுங்கை முதலில் நாம் கைக்கொண்டால்தான் டில்லியைப் பார்த்துக் கேட்கும் குரலுக்கு வலு இருக்கும்.