தோட்டாக்களை எண்ணட்டும் சட்டம்

அமெரிக்காவில் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமக்கள் கடையில் வாங்கலாம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் பாயும் துப்பாக்கி அது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சரமாரியாகச் சுடும்படி அதை மாற்றியமைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இந்த எல்லைக்கோடு தேவையானது. ஆனால், அது 90 ஆண்டுகளுக்கு முந்தைய துப்பாக்கிகளை மனத்தில் வைத்து வரையப்பட்டது. சட்டத்தின் ஒரு சொல்லையும் மீறாமல் அதே நாசத்தை விளைவிக்கும் கருவிகள் இன்று சந்தைக்கு வந்துவிட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கோட்டைத் திருத்தி வரைய இனியும் தயங்கக் கூடாது.

மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயக் கும்பல்கள் அமெரிக்க நகரங்களை ஆட்டிப்படைத்தன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைத் தாம்சன் ரக இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்ற சம்பவம் நாட்டையே உலுக்கியது. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி விதித்தது. துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கான பாகங்களும் 1968இல் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1986 மே 19க்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கி எதையும் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்ற தடையும் வந்தது. துப்பாக்கி உரிமையாளர்களுக்குப் பல சலுகைகள் தந்த ஒரு சட்டத்திலேயே இந்தத் தடை இடம்பெற்றது. அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய அதிபர் ரொனால்ட் ரீகன். முறையாகப் பதிவான இயந்திரத் துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுவது இன்றும் மிக அரிது. கட்டுப்பாடு பலன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே பிழை? விசையின் ‘ஒரே இயக்கத்தில்’ ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் தானாகப் பாய்ந்தால்தான் அது இயந்திரத் துப்பாக்கி என்கிறது சட்டம். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில், ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து இசை விழாக் கூட்டத்தை நோக்கி ஒருவர் சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்களைப் பொழிந்தார். 60 உயிர்கள் பறிபோயின. அவரது துப்பாக்கிகளில் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற இணைப்பு இருந்தது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பைக் கொண்டே விசை மீண்டும் மீண்டும் விரலில் மோதும்படி செய்யும் கருவி அது. விரல் அசையாமல் இருந்தாலும் விசை ஒவ்வொரு முறையும் இயங்குவதால், அது சட்ட வரையறைக்குள் அடங்காமல் நழுவியது.

அதிபர் டிரம்ப்பின் முதல் நிர்வாகம், 2018 டிசம்பரில் ஒரு விதியின் மூலம் இந்தக் கருவியைத் தடைசெய்தது. 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை ரத்து செய்தது. தீர்ப்பு வேதனை தருகிறது; ஆனாலும், பழியை நீதிபதிகள் மீது மட்டும் போடுவது நியாயமாகாது. துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் ஏடிஎஃப் அமைப்பே முன்பு பல ஆண்டுகள், இவ்வகைக் கருவிகள் இயந்திரத் துப்பாக்கி ஆகா என்று கூறிவந்தது. 1934இல் சட்டம் இயற்றியவர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கும் பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கிக்கும் பெரிய வேறுபாடு கண்டிருக்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்ட நீதிபதி அலிட்டோ, சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றமே என்று சுட்டிக்காட்டினார். ஆனால், சில நாள்களிலேயே செனட் அவையில் இத்தடையை ஒருமித்த ஒப்புதலுடன் நிறைவேற்ற முயன்றபோது, குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவரின் ஆட்சேபத்தால் அது முடங்கியது.

நாடாளுமன்றம் தயங்குவதன் விளைவு கண்ணெதிரே தெரிகிறது. சுட்டவுடன் விசையை வலிந்து முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவுக்கு நொடிப்பொழுதில் தயாராக்கும் ‘ஃபோர்ஸ்டு ரீசெட்’ விசைகளும் இந்தத் தீர்ப்புக்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டன. இவை இயந்திரத் துப்பாக்கியா என்பதில் நியூயார்க் நீதிமன்றம் ஒருவிதமாகவும் டெக்சாஸ் நீதிமன்றம் வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தன. 2025 மே மாதம் நீதித் துறை, தயாரிப்பாளருடன் சமரசம் செய்துகொண்டு வழக்குகளைக் கைவிட்டது. மக்களின் உயிர் சார்ந்த ஒரு கேள்விக்கு, ஆட்சி மாறும்போதெல்லாம் விடையும் மாறுவது சட்டத்தின் ஆட்சிக்கு அழகல்ல.

ஏற்கெனவே சட்டவிரோதமான கருவிகளின் பரவல் இன்னும் அச்சுறுத்துகிறது. நாணயம் அளவேயான ‘ஸ்விட்ச்’, கைத்துப்பாக்கியை நிமிடத்துக்கு ஆயிரம் தோட்டாக்களுக்கு மேல் சுடும் வேகத்துக்கு மாற்றிவிடுகிறது. இவை வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வருகின்றன. வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தயாராகின்றன. இப்படிப்பட்ட மாற்றுக் கருவிகளில் 814ஐ ஏடிஎஃப் 2012-2016 காலத்தில் கைப்பற்றியது. 2017-2021 காலத்தில் அது 5,454 ஆக உயர்ந்தது. துப்பாக்கி உரிமையை உயர்த்திப்பிடிக்கும் அலபாமா மாநிலமே 2025இல் இவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. இது கட்சி அரசியல் கடந்த ஆபத்து என்பதை அந்த மாநிலம் உணர்ந்திருக்கிறது.

வரையறையைத் திருத்திச் சுடும் வேகத்தை அளவுகோலாக்கினால், விரல் பழக்கத்தாலேயே வேகமாகச் சுடுபவரும் பழுதான துப்பாக்கி வைத்திருக்கும் வேட்டைக்காரரும் குற்றவாளியாகிவிடுவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொருளற்றது அல்ல. ஆனால், துப்பாக்கி தானாகத் தொடர்ந்து சுடும் என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என 1994இல் ஸ்டேபிள்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தப் பாதுகாப்பைப் புதிய சட்டத்திலும் சேர்க்கலாம். ஆயுத உரிமையைத் தனிமனித உரிமையாக நிலைநாட்டிய 2008 ஹெல்லர் தீர்ப்பும், அந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றே கூறியது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியின் சுடும் வேகத்தை இயந்திரத் துப்பாக்கிக்கு இணையாக உயர்த்துவதற்கென்றே செய்யப்பட்ட எந்தப் பாகமும், விசை எப்படி இயங்கினாலும், தடைக்கு உட்பட வேண்டும். அவற்றைச் சட்டப்படி வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெறும்போது உரிய இழப்பீடு தர வேண்டும். எளிதில் மாற்றத்தக்க வடிவமைப்பைத் திருத்தும் பொறுப்பு துப்பாக்கித் தயாரிப்பாளர்களுக்கும் உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும்.

தோட்டா பாய்ந்து வரும்போது விசை எத்தனை முறை அசைந்தது என்று கூட்டத்தில் நிற்பவர் கணக்கிட முடியாது. அவரைக் காப்பதுதான் 1934 சட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இன்றைய அமெரிக்க நாடாளுமன்றம் உண்மையாக இருக்க விரும்பினால், நீதிமன்றங்களையும் அதிகாரிகளையும் கைகாட்டுவதை விட்டுவிட்டு, வரையறையைத் திருத்தும் மசோதாவைத் தாமதமின்றி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.