வலி வடக்கின் செம்மண்: காணிக் கணக்கில் சேராத சொத்து

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் செய்தி ஒரே வடிவத்தில்தான் வருகிறது. இத்தனை ஏக்கர், இத்தனை குடும்பங்கள், இந்தக் கிராம அலுவலர் பிரிவு. விடுவிக்கப்படாத பகுதிகளைப் பற்றிய கோரிக்கைகளும் ஏக்கர் கணக்கிலேயே முன்வைக்கப்படுகின்றன. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்காக அறிவித்தல் ஒட்டப்பட்ட நாளிலிருந்து இந்தக் கணக்கு எமக்கு மனப்பாடமாகிவிட்டது. உறுதி, வரைபடம், எல்லைக்கல், வேலி என்று காணியைப் பற்றிய எல்லாவற்றையும் பிரதேச செயலகப் படிவங்கள் கேட்கின்றன. அந்தக் காணியில் இருந்த மண் இன்னும் இருக்கிறதா என்பதைக் கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் 1990 ஜூனில் பலாலி, வசாவிளான், கட்டுவன், மயிலிட்டி பகுதிகளிலிருந்து வெளியேறிய விவசாயக் குடும்பம் விட்டுச்சென்ற சொத்தில் வீடு ஒரு பங்குதான். மற்றப் பங்கு, தலைமுறை தலைமுறையாகக் குழையும் ஆட்டெருவும் போட்டுப் பக்குவப்படுத்திய செம்மண் தோட்டம். வீடு உடைந்ததை எவரும் கண்ணால் காணலாம். மண் கெட்டதைக் காட்டுவதற்கு அளவீடு வேண்டும்.

அந்த மண்ணைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது?

இலங்கையின் மண் வகைகளை முறையாக வகைப்படுத்திய முதன்மையான வேலை, மூர்மன், சி. ஆர். பானபொக்க ஆகியோர் 1961இல் வெளியிட்ட ஆய்வு. அந்த வகைப்படுத்தலில் வலிகாமத்தின் செம்மண், சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த செம்மஞ்சள் லற்றசோல் என்ற தொகுதிக்குள் அடங்குகிறது. வன்னியில் பரவலாக உள்ள செங்கபில மண்ணிலிருந்தும், முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணிலிருந்தும், வடமராட்சிக் கரையோர மணலிலிருந்தும் இது முற்றிலும் வேறானது. போரின்போது வன்னிக்குப் போய்த் தோட்டம் செய்த வலிகாமத்து விவசாயிகள் இந்த வேறுபாட்டைக் கையாலேயே உணர்ந்தவர்கள். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, நனைந்தால் ஒட்டும். வலிகாமத்துச் செம்மண்ணோ மழை விட்ட சில மணி நேரத்திலேயே கொத்துவதற்கு இடம் தரும்.

ஒரு மண்ணை அடையாளம் காண மூன்று வகையான தரவுகள் சேரவேண்டும். ஆய்வுகூடம் சொல்வது ஒன்று. காலநிலை சொல்வது இன்னொன்று. நிலத்தோற்றம், அதாவது மண் எந்தப் பாறையின்மேல், எந்தச் சரிவில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பிழைக்கும்.

முதலில் ஆய்வுகூடம். இந்தச் செம்மண்ணின் சிவப்பு, இரும்பு ஒட்சைட்டால் வந்தது. அதன் களித்துகள்கள் பெரும்பாலும் கயோலினைட் வகையைச் சேர்ந்தவை. இந்த வகைக் களி, பொற்றாசியம், மகனீசியம், அமோனியம் போன்ற சத்துக்களைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்தது. கற்றயன் பரிமாற்றக் கொள்ளளவு என்று ஆய்வுகூட அறிக்கையில் வரும் எண் இதைத்தான் காட்டுகிறது. அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் மண் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருக்கும். காரம் கூடினால் நாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. இலை மஞ்சளிப்பதற்கு யூரியா மட்டும் மருந்தல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேதனப் பொருள் இயல்பாகவே குறைவு. எனவே இந்த மண்ணின் சத்துக்களஞ்சியமாக இருப்பது பெரும்பாலும் மேலே உள்ள ஆறேழு அங்குலம்தான். பூவரசங் குழையும் கிளிசரியாவும் தாழ்த்து, பட்டி அடைத்து எமது முன்னோர் காத்ததும் அந்த ஆறேழு அங்குலத்தைத்தான்.

அடுத்தது காலநிலை. விவசாயச் சூழலியல் வரைபடம் இலங்கையை 46 பிரதேசங்களாகப் பிரிக்கிறது. யாழ்ப்பாணம் தாழ்நாட்டு உலர் வலயத்தின் மூன்றாம் பிரிவில் வருகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் பெய்வதைவிட ஆவியாவதே அதிகம். வெப்பத்தில் சேதனப் பொருள் விரைவாக உக்கிப் போகும். ஆகவே ஒருமுறை எரு போட்டுவிட்டுப் பத்து வருடம் இருக்க முடியாது, போகம் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதே வேளை 2008 நவம்பரின் நிஷா, 2024 நவம்பரின் பெங்கல் போன்ற புயல்கள் சில நாட்களுக்குள் கொட்டும் மழை, கட்டிறுக்கமில்லாத மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது.

மூன்றாவது, நிலத்தோற்றம். செம்மண்ணின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில தோட்டங்களில் பல அடிக்குக் கல் தட்டுப்படாது. கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கமாக ஒரு முழம் தோண்டுமுன்னரே சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். அடுத்தடுத்த இரண்டு காணிகளின் ஆய்வுகூட அறிக்கை ஒரே மாதிரி இருந்தாலும், ஒன்றில் நான்கு அடி மண், மற்றதில் ஒரு அடி மண் என்றால் அவை இரண்டும் வெவ்வேறு சொத்துக்கள். ஒன்று வாழையைத் தாங்கும். மற்றது வெங்காயத்துக்கே இடைவிடாது தண்ணீர் கேட்கும்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் போர் இந்த மண்ணுக்குச் செய்தது தெரியும். மண் அணைகளும் பதுங்குகுழிகளும் அமைக்க அள்ளப்பட்டது பெரும்பாலும் கைக்கெட்டிய மேல்மண். பின்னர் அணைகளை இடித்துச் சமப்படுத்தியபோது மேல்மண், அடிமண், சுண்ணாம்புக்கல், கொங்கிறீற்றுத் துண்டு எல்லாம் கலந்தன. கனரக வாகனங்கள் ஓடிய இடங்களில் மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்கும் வேகம் குறைந்தது. கண்ணிவெடி அகற்றும் பணிக்காகவும் சில இடங்களில் மேற்படை புரட்டப்பட்டது. மறுபுறம், எவரும் கால்வைக்காமல் பற்றை வளர்ந்து கிடந்த காணிகளில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இலை விழுந்து உக்கியிருக்கிறது. அங்கே சேதனப் பொருள் முன்னரைவிடக் கூடியிருக்க இடமுண்டு. அந்தப் பற்றையைப் புல்டோசர் வைத்து வழித்துத் தள்ளும்போது, பற்றையோடு சேர்ந்து அந்தச் சேமிப்பும் காணி மூலையில் குவிகிறது. மீளக் குடியேறியவர்களின் அவசரம் விளங்கக்கூடியது. ஆனால் பற்றையை வெட்டுவதும் மண்ணை வழிப்பதும் வேறு வேறு வேலைகள்.

ஆகவே விடுவிக்கப்பட்ட காணி என்ற ஒரே பெயருக்குள் மூன்று விதமான நிலங்கள் இருக்கின்றன. ஓய்வெடுத்து வளமான நிலம், கலங்கிப்போன நிலம், மேல்மண்ணே இல்லாத நிலம். மூன்றுக்கும் ஒரே உதவித்திட்டம், ஒரே விதைப்பொதி, ஒரே உரச் சிபாரிசு கொடுத்தால் முதலாமவர் வெல்வார், மூன்றாமவர் கடனாளியாவார். பிறகு அவரைப் பார்த்து, இவ்வளவு காலம் காணி கேட்டுப் போராடிவிட்டு இப்போது தரிசாகப் போட்டிருக்கிறார் என்று குறை சொல்லும் குரலும் எழும். அந்தத் தரிசுக்குக் காரணம் சோம்பலா, மண்ணா என்பதை அளந்து பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.

போன மண் எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதிலிருந்து ஒரு அடி ஆழத்துக்கு மண் அள்ளினால் ஏறக்குறைய 435 கியூப். மூன்று கியூப் கொள்ளும் டிப்பரில் 145 லோட். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கொண்டால், ஒரு பரப்புக்கு ஒன்பது லோட். இடிந்த வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் மதிப்பீடு செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒன்பது லோட் தோட்டமண்ணின் விலையைக் கணக்கிடுவது பெரிய வேலையல்ல. அந்தக் கேள்வியை எவரும் முறையாக வைக்கவில்லை என்பதே சிக்கல்.

மண்ணுக்கு நேர்ந்தது மண்ணோடு நிற்பதில்லை. வலிகாமத்தின் குடிநீர், அந்தச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கும் மழைநீர். அது உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பொது விதி. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறும் என்பதும் அதே விதிதான். இறுகிய மண் மழையை உள்ளே விடாமல் ஓடவிட்டால் இந்தச் சேமிப்பு குறைகிறது. சத்தைப் பிடித்துவைக்காத மண்ணில் மாரிக்கு முன் அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டால் நைத்திரேற்று நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. செறிவாகத் தோட்டம் செய்யப்படும் வலிகாமக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. மேலே சிந்துவது எவ்வளவு இலகுவாகக் கீழே இறங்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த வழக்கு இன்னொன்றையும் காட்டியது. அளவீடு கையில் இருந்தால் மக்களின் முறைப்பாடு நீதிமன்றத்தில் நிற்கும்.

மண்ணின் வேறுபாட்டைக் கொழும்பிலிருந்து பார்க்காமல் விட்டதன் விலையை நாடு முழுவதும் 2021இல் கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் வந்த இரசாயன உர இறக்குமதித் தடை நவம்பரில் நீக்கப்பட்டது. இடையில் எல்லா மண்ணுக்கும் ஒரே கட்டளை. சேதனப் பசளை வலிகாமத்துக்குப் புதிதல்ல. ஆனால் சத்தைக் குறைவாகப் பிடித்துவைக்கும் மண்ணில், போதிய எருவும் மாற்றுக்கான கால அவகாசமும் இல்லாமல், ஒரே இரவில் பழக்கத்தை மாற்றச் சொன்னது வேறு கதை. மண்ணை அறியாமல் போடும் உரமும், மண்ணை அறியாமல் நிறுத்தும் உரமும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

2025 மார்ச் 28இல் வடக்கில் சுமார் 5,940 ஏக்கர் காணி தொடர்பாக வெளியான வர்த்தமானி அறிவித்தல், மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்கும்படி கேட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பின், ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இடப்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்தவர்களுக்கு அந்த மூன்று மாதங்கள் பதற்றமானவை. அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆவணம் இல்லாதவரின் பக்கம் உண்மை இருந்தாலும் அது எடுபடுவதில்லை. காணிக்கு உறுதி எப்படியோ, மண்ணுக்கு மண் பதிவேடு அப்படி.

அந்தப் பதிவேட்டை உருவாக்க வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பிரதேசத்திலும் கமநல சேவைகள் நிலையம் உண்டு. காணி விடுவிக்கப்படும் நாளில் நில அளவையாளருடன் ஒரு மண் அலுவலரும் போய், மண்ணின் ஆழம், இறுக்கம், காரத்தன்மை, உவர்த்தன்மை, சேதனக் காபன் ஆகிய ஐந்தையும் பதிந்தால் போதும். அதே கிராமத்தில் போர்க்காலத்திலும் தொடர்ந்து பயிர் செய்யப்பட்ட ஒரு தோட்டத்தின் எண்களை அருகில் வைத்தால், இழப்பு எவ்வளவு என்பது தாளிலேயே தெரியும். இழப்பீடு கேட்பதற்கும், மேல்மண் அகழ்வைத் தடுப்பதற்கும், உதவித்திட்டத்தைக் காணிக்கேற்பப் பிரிப்பதற்கும் அது அடிப்படையாகும்.

அதுவரை ஒவ்வொரு விவசாயியும் தன் அளவில் செய்யக்கூடியது உண்டு. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட காணியில் மாத்திரம் இதைச் செய்யவேண்டும். எருக்கும்பி, கிணற்றடி, மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, காணிக்குள் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை மண் எடுக்கவேண்டும். நிறம் வேறுபடும் இடத்து மண்ணைத் தனியாக வைக்கவேண்டும். எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போட்டு, காணியின் பெயரும் திகதியும் முன்னைய பயிரும் எழுதிப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். கல் எத்தனை அடியில் தட்டுப்படுகிறது என்பதை அலவாங்கால் குத்திப் பார்த்து அதையும் எழுதிவைக்கவேண்டும். வரும் அறிக்கையைக் காணி உறுதியோடு சேர்த்து வைப்பது நல்லது.

வலி வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் இருக்கின்றன. அவற்றுக்கான அடுத்த மகஜரில் ஏக்கர் கணக்கோடு இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: காணியைக் கையளிக்கும்போது அதன் மண்ணின் நிலையையும் எழுத்தில் தாருங்கள்.