அன்றிரவு அவன் எங்கே சாப்பிட்டான்?

ஒரு லத்தீனோ இளைஞன். தன்பாலீர்ப்பாளன் என்பதால் வீட்டில் சேர்க்கவில்லை. ஆடப் போகிறான், மேடையில் தன்னைக் கண்டடைகிறான், கைதட்டல். பால்புதுமைக் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. அவனுக்குச் சோறு போட்டவர் அதில் எங்கே?

வோக் நடனத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபேஷன் இதழ் மாடல்களின் தோரணையில் கைகளை வெட்டி நிறுத்தும் அந்த ஆட்டம், நியூயார்க்கில் கறுப்பின, லத்தீனோ பால்புதுமையினர் நடத்திய பால்ரூம் போட்டிகளில் வளர்ந்தது. போட்டியாளர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு ‘ஹவுஸ்’ஸின் பிள்ளைகள். ஹவுஸுக்கு ஓர் அம்மா உண்டு. சில இடங்களில் ஆணே அம்மா. வளர்க்கும் வேலையை யார் செய்தாலும் அதற்குப் பெயர் அம்மாதான். (அப்பாக்களும் இருந்தார்கள்.)

1982இல் லத்தீனோக்களுக்கென உருவானது ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகான்சா. அதன் அம்மா ஆஞ்சி, போர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் திருநங்கை. இருபது வயதை ஒட்டிய பருவத்தில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். சாப்பாடு, புத்திமதி, அதட்டல் எல்லாம் அவரிடமிருந்து.

அந்தப் போட்டிகளில் ‘ரியல்னெஸ்’ என்றொரு பிரிவு. ஊர்க்கண்ணில் படாதபடி சாதாரணப் பெண்ணாக, அலுவலக அதிகாரியாக, மாணவனாகத் தோன்ற வேண்டும். இதை ‘அடையாளத் தேடல்’ என்கிறார்கள். அடிபடாமல் வீடு போய்ச் சேரும் பயிற்சியும் அதுதான் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆஞ்சியின் மகள்களில் ஒருவரான வீனஸ் 1988இல் கொல்லப்பட்டார். தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளாததாலா?

1990இல் மடோனாவின் ‘வோக்’ பாடல் வந்தது. அந்தக் காணொளியில் ஆடிய ஹோசே, லூயிஸ் இருவரும் இந்த வீட்டுப் பிள்ளைகள். உலகமே அவர்கள் கைகளைப் பார்த்தது. தங்கள் பெயரோடு எக்ஸ்ட்ராவகான்சா என்றே போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மறைக்கவில்லை. கதை எழுதுகிறவர்கள்தான் அதை வெறும் மேடைப்பெயராக்கி, பையன்களைத் தனியாளாக்கி, தன்னம்பிக்கைப் பாடம் நடத்துகிறார்கள். தனியாள் கதை மலிவானது. அதில் வீட்டைவிட்டுத் துரத்தியவர்களைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, வளர்த்தவருக்குக் கடன்பட வேண்டியதில்லை.

ஆஞ்சி 1993இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். வயது 28. அதில் பத்தாண்டுகள்போல அம்மாவாக இருந்திருக்கிறார்.