பூனை மேல பழி போடாதீங்க!

"மீன் தொட்டி வாங்கலாம்னு இருக்கேன், ஆனா வீட்ல பூனை இருக்கே..." போன வாரம் நண்பர் ஒருத்தர் இப்படி இழுத்தார். பக்கத்துல இருந்தவர் உடனே, "சின்ன கண்ணாடி பவுல்ல விட்டு ஃப்ரிட்ஜ் மேல வைங்க, பூனைக்கு எட்டாது"ன்னு ஐடியா குடுத்தார். பூனை வளர்த்தவங்க யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க மக்களே. பூனைக்கு எட்டாத இடம்னு ஒண்ணு வீட்டுக்குள்ள கிடையவே கிடையாது :-)

என் கட்சி இதுதான். நாய், பூனை இருக்கற வீட்ல மீன் தாராளமா வளர்க்கலாம். ஆனா அந்த வீட்ல மீனுக்கு எமன் பூனை இல்லை, நாமதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். (நிஜக் கொசு மருந்தும் பின்னாடி வருது!)

அப்போ எங்க வீட்ல ஒரு நாய், ஒரு பூனை, ரெண்டடித் தொட்டியில ரெண்டு கோல்டு ஃபிஷ். மீன் ரெண்டும் மூணு வருஷமா இருந்ததுங்க. நான் பக்கத்துல போனாலே சாப்பாடு வருதுன்னு மேல வந்துடும். ஒரு ஞாயித்துக்கிழமை நாய்க்கு உண்ணி மருந்தைத் தண்ணியில கலந்து குளிப்பாட்டினேன். கையைச் சும்மா ஒரு அலசு அலசிட்டு, அதே கையோட தொட்டிக்குள்ள இருந்த ஃபில்டர் ஸ்பாஞ்சை எடுத்து சுத்தம் பண்ணி வச்சேன். ராத்திரி ரெண்டு மீனும் தலைதெறிக்க சுத்துச்சு. 'ஜாலியா விளையாடுதுங்க'ன்னு நெனச்சுட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா ரெண்டும் மிதக்குது. தொட்டி பக்கத்துல பூனை.

"இந்தச் சனியன்தான் பயமுறுத்தியே கொன்னுருக்கும்"னு தங்கமணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. அன்னிக்கு பூனைக்கு மீன் தலை கட். தொட்டி மூடி மூடினபடியே இருந்தது, மீன் மேல ஒரு கீறல் கூட இல்லை. அதை நானும் யோசிக்கலை.

கொளத்தூர் மீன் கடைக்காரர் மொத்தக் கதையையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நாய்க்கு ஏதாச்சும் மருந்து போட்டீங்களா சார்?"

ஙே!

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா 'சைபர்மெத்ரின்'னு இருந்தது. சாமந்தி இனத்துப் பூ ஒண்ணுல இயற்கையாவே ஒரு பூச்சிக்கொல்லி இருக்கு. அதைப் பார்த்து செயற்கையா செஞ்ச பைரித்ராய்டு குடும்பத்துல இதுவும் ஒண்ணு. சொன்ன அளவுல கலந்து போட்டா நாய் உடம்பு தாங்கிக்கும். மீனுக்கு அப்படி இல்லை. செவுள் வழியா நேரா ரத்தத்துல ஏறிடும், அதை உடைச்சு வெளியேத்துற சக்தியும் மீன் உடம்புக்கு ரொம்பக் குறைவு. துளியூண்டு போதும். அதே குடும்பத்து பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனை மேல போட்டா பூனையே செத்துப் போகலாம். ஒரு பிள்ளைக்கு மருந்து, இன்னொரு பிள்ளைக்கு விஷம்!

கொசு விரட்டற லிக்விட் மெஷின்ல இருக்கற டிரான்ஸ்ஃப்ளுத்ரினும் இதே வகையறாதான். தொட்டியோட ஏர் பம்ப் என்ன பண்ணுது? அறையில இருக்கற காத்தை உறிஞ்சித் தண்ணிக்குள்ள விடுது. அந்த அறையில நாம கொசு மருந்து அடிச்சா, அதையும் சேர்த்துக் குழாய் வச்சு மீனுக்கு ஊட்டற மாதிரிதான்.

அதனால இப்போ எங்க வீட்டுச் சட்டம்:

1. உண்ணி மருந்து போட்ட அன்னிக்கு, போட்ட ஆள் தொட்டிக்குள்ள கை விடக் கூடாது.
2. தொட்டி இருக்கற அறையில மெஷினும் கிடையாது, ஸ்ப்ரேயும் கிடையாது. கொசுவலைதான்.
3. பவுல் கூடவே கூடாது. பூனை ஒரு தட்டு தட்டினா போச்சு. ரெண்டடித் தொட்டியில ஐம்பது லிட்டர் தண்ணி நிக்கும், அதைப் பூனை அசைக்க முடியாது. பூனையே இல்லாட்டியும் பவுல் தப்புதான். அவ்ளோண்டு தண்ணியில மீனோட கழிவுல வர்ற அம்மோனியா சீக்கிரம் ஏறிடும். ரோம் நகரத்துல 2005-லேயே வட்டக் கண்ணாடி பவுலுக்குத் தடை போட்டாங்க.
4. கனமான மூடி, உள்ளே ஒளிஞ்சுக்கச் செடி. பூனை டிவி பார்க்கற மாதிரி உட்கார்ந்து பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்.

நாய் வலிச்சா ஊளையிடும். பூனை பசிச்சா காலைச் சுத்தும். மீன் சாகறப்போ கூட சத்தம் போடாது. என் மீன் ராத்திரி பூரா துடிச்சிருக்கு, நான் விளையாட்டுன்னு நெனச்சுத் தூங்கியிருக்கேன். அது இன்னும் உறுத்துது. பேசற பிராணிகளுக்கு நடுவுல பேசாத ஒண்ணைக் கொண்டு வந்து வச்சா, அதுக்காக யோசிக்கற வேலையும் நம்மளோடதுதான். அதுக்கு நேரம் இல்லைன்னா தொட்டியே வேணாம். நண்பர்கிட்டயும் இதையேதான் சொன்னேன்.

டிஸ்கி: பூனைகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. ஒரு வாரம் நெத்திலி. அது மன்னிச்ச மாதிரி தெரியலை, ஆனா தட்டு மட்டும் காலி :-)