அழற்சியும் ஓர் எண்ணும்

காய்ச்சலோ இருமலோ யாதொரு உபாதையும் இல்லாதிருந்தும், ஆண்டுக்கொரு முறை உடம்பைப் பார்த்துக்கொள்வது உசிதமென்று கருதி ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ ஒன்றுக்குப் பணம் கட்டி, வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒருவர், மாலையில் கைப்பேசிக்கு வந்து சேரும் ரிப்போர்ட்டில் ‘சி.ஆர்.பி.’ என்னும் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கக் கண்டு இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பது, இப்போது நம் நகரங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. கொரோனா இரண்டாம் அலையின்போது வீடுதோறும் பரிச்சயமான அந்த மூன்றெழுத்து, அலை ஓய்ந்த பின்னும் நம்மை விட்டபாடில்லை. வேண்டாத இடத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, வேண்டிய இடத்தில் செய்யாமல் விடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் சீரம் அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்ற பொருளோடு கலந்தால் வீழ்படிவு உண்டாவதையும், நோய் தணிந்ததும் அக்குணம் மறைந்துபோவதையும் கண்டார்கள். ஈரல் சுரக்கும் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’, அதாவது சி.ஆர்.பி., என்னும் புரதமே அதற்குக் காரணம். உடம்பில் அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டு, காரணம் நீங்கியதும் சுமார் 19 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறைந்துவிடும் அதன் சுறுசுறுப்பு மருத்துவருக்குப் பேருதவி. ஆனால் தீப்பிடித்தது எந்தத் தெருவில் என்று சொல்லத் தெரியாத அபாயச் சங்கு அது. ஈறு வீக்கமும், மூட்டுவாதமும், நுரையீரல் தொற்றும், கீழே விழுந்த காயமும், வெறும் உடற்பருமனுங்கூட அதை ஏற்றிவிடும். லூபஸ் போன்ற சில வியாதிகளிலோ, நோய் முற்றியிருக்கும்போதும் அது பெரிதாக ஏறாமலே இருந்துவிடுவதுண்டு. போதாக்குறைக்கு, ஒரு லேபில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்பது இன்னொரு லேபில் டெசிலிட்டருக்கு 0.6 என்று வரும். அலகைப் பாராமல் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, நோய் பத்து மடங்கு பெருகிவிட்டதாகக் கலங்குபவர்கள் உண்டு.

அழற்சியைக் காட்டுவதில் சி.ஆர்.பி.க்கு மூத்ததான ஈ.எஸ்.ஆர். பரிசோதனையின் கதை இன்னும் விசித்திரமானது. மெல்லிய குழாயில் நிறுத்திய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பதே அது. வயது ஏறினாலும், கர்ப்பம் தரித்தாலும், இரத்தசோகை இருந்தாலும் அந்த எண் கூடும். பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுள்ளவர்களென்று அரசின் கணக்கெடுப்பே கூறும் இத்தமிழ்நாட்டில், ஈ.எஸ்.ஆர். 40 என்றதும் மூட்டுவாதமென்று முடிவுகட்டி மாத்திரை கொடுப்பதைக் காட்டிலும், முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பது நியாயமல்லவா?

சி.ஆர்.பி. உண்மையில் பயன்படக்கூடிய இடம் வேறு. இருமலோடும் காய்ச்சலோடும் வருபவருக்கு நிமோனியாவா, தானே தீரும் சளியா என்று மருத்துவருக்கே ஐயம் எழும்போது, விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம், ஒரு சிறு கருவியின் உதவியால், சில நிமிஷங்களில் வழிகாட்டும். இங்கிலாந்தின் ‘நைஸ்’ என்னும் மருத்துவ நெறி அமைப்பு 2014-இல் வகுத்த நெறிகளின்படி, அத்தகையோருக்குச் சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஆன்டிபயாடிக் பொதுவாகத் தருவதில்லை. 100-ஐத் தாண்டினால் தரலாம். இடைப்பட்டவர்களுக்குச் சீட்டை எழுதிக் கொடுத்து, நோய் மோசமானால் மட்டும் மருந்தை வாங்கச் சொல்லலாம். காய்ச்சல் கண்ட சில மணி நேரத்திலேயே எடுத்த எண் குறைந்திருப்பதை நம்பிவிடலாகாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மருத்துவரைப் பாராமலே மருந்துக்கடையில் மூன்று அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி விழுங்கும் நம் ஊரில், அந்தச் சிறு கருவி இருக்க வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை. அரசு முதலில் சில மாவட்டங்களில் வைத்துப் பார்க்கட்டும். ஹெல்த் செக்கப் பாக்கேஜ் பட்டியலிலிருந்தோ, பரிசோதனை நிலையங்கள் சி.ஆர்.பி. வரியை இன்றே தாமாக நீக்கிவிடலாம்.